ஏழரை மணிக்கு முந்தைய புதுச்சேரி

இது நீண்ட பதிவு. போன தடவை மாதிரி "சார், பாதியில தூங்கிட்டேன்" என்று யாரும் கமெண்ட் போடக்கூடாது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு. டென்மார்க் எண். பேசியது 1993-ல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. கோபன்ஹேகனில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

"சார், ஜனவரி கடைசியில சென்னையில ஒரு கல்யாணம். அப்படியே பாண்டிக்கு ரெண்டு நாள் வர்றோம். அப்பா அம்மா தம்பியோட கோயம்புத்தூர் போயிட்டாங்க, இங்க வீடு இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பணும். என் பொண்ணுக்குப் பதினோரு வயசு. ஊரைப் பார்த்தா சைக்கிள்லதான் பார்ப்பேங்கறா. நீங்கதான் ப்ளான் போட்டுக் குடுக்கணும் சார். எங்களுக்கு ஊரைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே."

கடைசி வாக்கியத்தில் விழாத வாத்தியார் உண்டா? சரிம்மா என்றேன். இரண்டு நாள், ஒரு தாள், அரை மணி வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு முழங்கையும் சிராய்ந்துவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கோபன்ஹேகன் என்றால் என் போன்ற வரலாறு வாத்தியாருக்கு முதலில் ஞாபகம் வருவது தரங்கம்பாடி. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான் 1618-ல் கப்பல்களை அனுப்பினார். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆயிற்று, தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் அந்த அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில்தான் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆகவே இவள் அங்கே போய்க் குடியேறியது ஒன்றும் அந்நியமான இடமில்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. தரங்கம்பாடிக்குக் கப்பல் விட்ட அதே காலத்தில், அதே அரசர் தன் தலைநகரத்தின் ஓரத்தில் கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் என்று ஒரு புதுப் பேட்டையைக் கட்டத் தொடங்கினார். அதற்கு வரைபடம் போட்டவர் யோஹான் செம்ப் என்கிற டச்சுக்காரர். நேர் தெருக்கள், நடுவே வாய்க்கால். ஆம்ஸ்டர்டாம் மாதிரி. நம் ஊருக்குக் கோடு போட்டதும் டச்சுக்காரர்கள்தான்!

இதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிவரும் வழிகாட்டிகள், "பிரெஞ்சுக்காரன் ரூலர் வெச்சுக் கட்டின ஊர்" என்றுதான் சொல்கிறார்கள். நானும் வகுப்பில் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். மாணவர்கள் மன்னிக்கவும். பிரெஞ்சுக்காரர்களில் பிரான்சுவா மார்த்தேன் 1674-ல் இங்கே வந்து அமர்ந்தார் என்பது சரி. 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ரிஸ்விக் ஒப்பந்தம் 1697-ல் ஆகியும் 1699-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆறு வருடத்தில் அவர்கள் வரைந்த நகர வரைபடங்களைத் தேடியெடுத்து ஆராய்ந்து, கட்டம் போட்ட இந்தத் தெரு அமைப்பு டச்சுக்காரர்களுடையது என்று எழுதியவர் ஜான் தெலோஷ். பிரெஞ்சு அறிஞர். நம் ஊரிலேயே பல காலம் வாழ்ந்தவர். நீராவி வண்டிக்கு முந்தைய இந்தியப் போக்குவரத்து பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியவரும் அவர்தான். பாதைகளையே படித்த மனிதருக்கு இந்த ஊரின் பாதைகள் கண்ணில் பட்டது பொருத்தம்.

டச்சுக்காரனுக்கு வேண்டியது துணி. துணிக்கு நெசவாளர் வேண்டும். நெசவாளருக்குப் பாவு நீட்டிப் போட நேரான நீளமான தெரு வேண்டும். முத்தியால்பேட்டையில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டியிருக்கும், நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுவோம்.

பிறகு 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்தார்கள். மூன்று வருடம் முன்பு தளபதி லாலி கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை இடித்ததற்குப் பழி. கோட்டை, மதில், மாளிகை எல்லாம் தரைமட்டம். ஆனந்தரங்கப்பிள்ளை அந்த ஜனவரியில்தான், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு, கண்ணை மூடினார். அவருக்காக இதில் நான் நிம்மதி அடைவதுண்டு. 1763 பாரிஸ் ஒப்பந்தப்படி ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், 1765 முதல் பழைய தெருக் கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். கட்டடங்கள் போயின, கோடுகள் நின்றன. மதில் வளைந்து போன வழியில்தான் பிற்காலத்தில் புல்வார்கள் வந்தன. வடக்கே பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த நான்குக்கு உள்ளே இருப்பதைத்தான் நாம் இன்றும் "புல்வார்" என்கிறோம்.

இதெல்லாம் சைக்கிள் ப்ளானுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த ஊர் நடப்பவனின் அளவுக்குப் போடப்பட்டது. கடலிலிருந்து அண்ணா சாலை வரை ஒன்றரைக் கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மேடு பள்ளம் கிடையாது. கிழக்கு மேற்குத் தெருக்கள் எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்திருப்பதால் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். வழி தவறினாலும் இரண்டு திருப்பத்தில் சரியாகிவிடும்.

சைக்கிளுக்கு முன்னால் இங்கே ஓடியது புஷ் வண்டி. வெள்ளைக்காரர்கள் வாயில் பூஸ்-பூஸ். ஏறி உட்காருகிறவரே முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொள்வார், பின்னால் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். பழைய பிரெஞ்சுத் தபால் அட்டைகளில் பார்க்கலாம். தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், வழி மட்டும் உட்கார்ந்திருக்கிறவர் கையில். காலனி ஆட்சியை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை. பையன்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

சைக்கிள் அந்த ஏற்பாட்டை மாற்றியது. தள்ளுகிறவனும் திருப்புகிறவனும் ஒரே ஆள்.

நான் வளர்ந்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இது சைக்கிள் ஊர். என் அப்பா மில் தொழிலாளி. மில் சங்கு ஊதினால் ஊரே நேரம் பார்க்கும். ஷிப்டு முடிந்து கதவு திறந்தால் ரோடு முழுக்க சைக்கிள்தான், ஆற்றில் வெள்ளம் வருவது மாதிரி. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் உயிர் கொடுத்த பிறகு எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக வாங்கிய தொழிலாளிகளின் பிள்ளைகள் அவர்கள். மீதி நேரம் தங்களுடையது என்பதுபோல நிதானமாகத்தான் மிதிப்பார்கள். கேரியரில் தூக்குச் சட்டி ஆடும். ஆசிரமத்துக்காரர்கள் வெள்ளை உடுப்பில், பெண்களும்கூட, நேராக முதுகை வைத்துக்கொண்டு போவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தாக்கள் டைனமோ வைத்த சைக்கிளில் வந்து, எதிரே வருகிறவரைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு "முசே" என்பார்கள். எங்களுக்கு வாடகை சைக்கிள். மணிக்கு இருபத்தைந்து பைசா. குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். கடைக்காரர் நேரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கதவில் எழுதிவைப்பார். ஐந்து நிமிடம் தாமதித்தால் அடுத்த மணிக்குக் காசு.

பிறகு என்ன ஆயிற்று? யாரோ வந்து பறித்துக்கொண்டு போனதுபோல் பேசுவது சுலபம். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. 1986-ல் நான் ஒன்று வாங்கினேன். கடனுக்கு. சட்டை நனையாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த முதல் நாள் எனக்கு இன்னும் ஞாபகம். சைக்கிள் கொல்லைப்புறம் போயிற்று. எங்கள் ஆசிரியர் அறைக்கு வெளியே நின்ற சைக்கிள் வரிசை நாலைந்து வருடத்தில் மொபெட் வரிசையாயிற்று. பெட்ரோல் நம்மிடம் தமிழ்நாட்டை விடக் கொஞ்சம் மலிவு. யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

அவள் வீடு அரியாங்குப்பம். பள்ளிக்கூடம் ஊருக்குள். பஸ் நெரிசலில் வந்து கொண்டிருந்தாள், முதல் பீரியடு பாதியில்தான் வகுப்புக்குள் நுழைவாள். வீட்டில் அண்ணன் விட்டுப்போன சைக்கிள் இருந்தது, அவளுக்கு ஓட்டவும் தெரியும், அப்பா விடவில்லை. ஒரு வருடம் முன்புதான் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் ஆயிரம் ஆயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே கலெக்டர். அந்தச் சூடு எங்கள் மாதிரி ஆட்களுக்கு இறங்காத காலம். ஒரு சாயங்காலம் அரியாங்குப்பம் போய் அவள் அப்பாவைப் பார்த்தேன்.

"லாரி வர்ற ரோடு சார். பொம்பளப் புள்ள" என்றார்.

"நான் பொறுப்பு" என்றேன். அந்த வயதில் இந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது!

முதல் மூன்று நாள் நானே காலையில் அங்கே போனேன். அவள் முன்னால் சைக்கிளில், நான் பின்னால் டிவிஎஸ் 50-யில். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை, ஏஎஃப்டி மில், ரயில்வே கேட், ஊர். நாலாம் நாள் "சார், நீங்க வராதீங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள். அதோடு சரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த ரோடு அவளுடையது.

ப்ளான் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் சார். நான் ஸ்கூலுக்கு வந்த ரோட்டை மட்டும் பொண்ணுக்குக் காட்டணும். சைக்கிள்ல."

முதலில் தேதியை மாற்றச் சொன்னேன். அவள் குறித்திருந்தது குடியரசு தின விடுமுறையை ஒட்டிய சனி ஞாயிறு. சென்னையும் பெங்களூரும் இங்கே வந்து இறங்கும் நாள். புஸ்ஸி வீதியில் சைக்கிள் என்ன, எறும்பு போகாது. ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பிறகு என் பழைய சைக்கிளைக் கடையில் கொடுத்து, இரண்டு டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றி, சோதனைக்குக் கிளம்பினேன். வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று திருமணமான ஆண்கள் அறிவார்கள்.

பள்ளிக்கூட நேரத்திலேயே போய்ப் பார்ப்போம் என்று காலை எட்டேகாலுக்கு அரியாங்குப்பம் பாலத்தில் நின்றேன். அங்கிருந்து ஊருக்குள் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. வழியில் எண்ணிக்கொண்டே வந்தேன். என்னைத் தவிர சைக்கிளில் வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் என் வயது. பள்ளிச் சீருடை ஒன்றே ஒன்று, பையன். பாலத்தின் மேல் பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் அகலம்தான் எனக்குக் கிடைத்தது. முதலியார்பேட்டை தாண்டியதும் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் வலது கையைத் தட்டியது. நான் இடதுபக்கம் சாய்ந்து விழுந்தேன். கார்க்காரருக்குத் தெரிந்திருக்காது, போய்விட்டார். டீக்கடைப் பையன் ஓடிவந்து தூக்கி, "பெரியவரே, இந்த நேரத்துல எதுக்கு சைக்கிள்ல வர்றீங்க?" என்றான். கேள்வியில் தப்பே இல்லை. முழங்கையில் மஞ்சள் பற்று போட்டபடி வீட்டம்மா அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டாள்.

ஏஎஃப்டி மில் 1898-ல் தொடங்கியது, 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதன் கதவுக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சங்கு இல்லாத ரோட்டில் ஹாரன் மட்டும்தான்.

அன்று இரவு அவளுக்கு எழுதினேன். வெள்ளை நகரத்தில் அதிகாலையில் ஓட்டலாம். உன் பள்ளிக்கூட ரோடு மட்டும் வேண்டாம். லாரி, பஸ், கார். பதினோரு வயதுக் குழந்தை. நான் பொறுப்பு என்று இந்தத் தடவை சொல்ல முடியவில்லை.

பதில் அரை மணியில் வந்தது. "சார், அன்னைக்கு எங்க அப்பா சொன்னதையே இன்னைக்கு நீங்க சொல்றீங்க."

சிரிக்கிற பொம்மை ஒன்றும் கூடவே போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ரோடும் வேறு, வண்டிகளும் வேறு என்று எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். அவர்கள் கட்டடத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறாராம். அவர் சொல்வாராம், கோபன்ஹேகனும் பிறக்கும்போதே சைக்கிள் ஊராக இறங்கவில்லை என்று. பேசி முடித்த பிறகு நான் என் பழைய குறிப்புகளையும் புத்தகங்களையும் எடுத்துச் சரிபார்த்தேன். விஷயம் இதுதான். அங்கே முதல் சைக்கிள் தடம் 1892-லேயே வந்துவிட்டது. 1905-ல் சைக்கிள்காரர்கள் சங்கமும் கண்டார்கள். ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் காசு வந்தது, கார் வந்தது, சைக்கிள் குறைந்துகொண்டே போனது. சதுக்கங்கள் எல்லாம் கார் நிறுத்துமிடம் ஆயின. நம் எண்பதுகளும் தொண்ணூறுகளும் அவர்களுக்கு அப்போதே நடந்துவிட்டன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கியதும், அநேகமாக முழு எண்ணெயையும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த அந்த நாடு திணறியது. நவம்பரில் அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது. அந்த மூதாட்டிக்கு அது ஞாபகம் இருக்கிறது. நடு ரோட்டில் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனாராம். தடை சில மாதத்தில் நீங்கிவிட்டது. ஆனால் ரோடு காலியாக எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டார்களே! எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு ஊர்வலம் போய்த் தனித் தடம் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. ரோட்டை விட ஒரு படி உயரம், நடைபாதையை விட ஒரு படி தாழ்வு. நடுவில் கல் விளிம்பு. இன்று ஒரு முக்கியச் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துப் போனால் தொடர்ந்து பச்சை விளக்கே விழும்படி சிக்னல் வைத்திருக்கிறார்களாம். காருக்கு அல்ல, சைக்கிளுக்கு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோபன்ஹேகனின் பெரிய கடைத்தெரு ஸ்ட்ரோயெட். அதில் வண்டிகளை நிறுத்தியது 1962 நவம்பரில். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள், கார் வராவிட்டால் ஆள் வராது என்றார்கள். ஆள் கூடியதுதான் மிச்சம். அதே 1962-ல், ஆகஸ்ட் 16-ல்தான், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியதைக் கொண்டாடுகிறோம், இந்த நாளைப் பலர் மறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. வருடங்களைச் சேர்த்துவைத்துப் பார்ப்பது என் தொழில் வியாதி.

ஆனால் காந்தி வீதிக்குச் சம்பந்தம் உண்டு. நம் சண்டே மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு முழுக்க அங்கே கார் போக முடியாது. துணிக்காரர்களும் செருப்புக்காரர்களும் பழைய புத்தகக்காரர்களும் தார்ப்பாய் விரித்து, ரோடு நடப்பவர்களுடையதாகிவிடுகிறது. எந்த எண்ணெய் நெருக்கடியும் இல்லாமல் நமக்கு வாரம் ஒரு கார் இல்லாத ஞாயிறு, ஒரு வீதி அளவுக்கு, கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கடற்கரைச் சாலையும் அப்படித்தான். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை மோட்டார் வண்டிகளுக்கு அடைப்பு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் ப்ளானை முடித்தேன். ஏழரை என்றாலே நமக்குச் சனி. எனக்கு இந்த ஏழரை மட்டும் தெய்வம்.

நேற்று அனுப்பிவைத்த ப்ளானை இங்கேயும் சொல்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளி இரவு வந்ததும் தூங்கிவிட வேண்டும். சனிக்கிழமை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு சைக்கிள். துய்மா வீதி வழியாகத் தெற்கே போய், 1855-ல் கட்டிய சம்மனசுகளின் மாதா கோயில், எதிரே ழான் தார்க் சிலை. அங்கிருந்து வாய்க்காலோரமாக மேற்கே திரும்பி சுப்பையா சாலை, திரு இருதய ஆண்டவர் கோயில், 1879-ல் ரயில் வந்த ஸ்டேஷன். ஜனவரியில் ஆறரைக்குத்தான் சூரியன், அதற்குள் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம். கடற்கரைச் சாலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அது நடப்பவர்கள் இடம், மிதித்துக்கொண்டு போய் மணி அடிப்பது மரியாதை இல்லை. 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சித் தூண்களுக்கு நடுவே காந்தி. 1866-ல் கட்டி 1952 புயலில் விழுந்த பழைய துறைமுகப் பாலத்தின் கதையைக் குழந்தைக்கு நான் சொல்வேன். ஏழரைக்கு சைக்கிள்கள் உள்ளே. பிறகு இட்லி.

பகலில் நடை. பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். முத்திரப்பாளையத்தில் இருந்து தண்ணீர் வந்த கதையை உள்ளூரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டையும் சொல்லிவிட்டு எது வரலாறு என்று அவளையே கேட்கலாம். வாய்க்காலைத் தாண்டி கால்வே சுப்பராயச் செட்டி வீதியில் திண்ணை வீடுகள். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வீடு. 1908 முதல் 1918 வரை பத்து வருடம் அவர் இந்தத் தெருக்களில்தான் நடந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவரோடு படம் எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. சனி மதியம் தூக்கம், மாலை ஆறுக்கு மேல் கடற்கரை, சுண்டல்.

ஞாயிறு காலைக்கு முதலில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு, என் பழைய தெரு என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். விழுந்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, ஐந்தரை மணிக்கு, முழங்கைக் கட்டோடு மறுபடியும் அரியாங்குப்பம் பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். மீன் கூடையோடு இரண்டு மொபெட், பால் வண்டி, ஒரு அரசு பஸ். அவ்வளவுதான். பாலத்தின் நடுவில் நிறுத்தி ஆற்றைக்கூடப் பார்க்க முடிந்தது. ஊருக்கு வந்து சேர இருபத்தைந்து நிமிடம். என் கால்களுக்கு அது நல்ல நேரம்.

ஆகவே ஞாயிறு காலை ஐந்தரைக்கு அந்த ரோடுதான். நான் முன்னால், குழந்தை நடுவில், அவள் பின்னால். மூவருமே சைக்கிளில். சைக்கிள்களை முந்தின நாள் சாயங்காலமே அரியாங்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டில் சின்ன வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம். ஏழு மணிக்குள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர வேண்டும். பத்து மணிக்கு மேல் காந்தி வீதி, நடந்து, பேரம் பேச.

அவளுக்கு இன்னொரு வரியும் எழுதினேன். இது ஞாயிறு காலை ரோடு, நீ வந்தது திங்கள்கிழமை ரோடு, இரண்டும் ஒன்றில்லை என்று குழந்தையிடம் சொல்லிவிடு. "அவ கண்டிப்பா ஏன்னு கேப்பா சார், நீங்களே பதில் சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறாள். டிவிஎஸ் 50-யில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. எனக்கு சைக்கிள் இருக்கிறது. அவளுக்கு வாடகைக்குக் கிடைத்துவிடும். பதினோரு வயதுக் குழந்தைக்கு ஏற்ற உயரத்தில், பிரேக் சரியாகப் பிடிக்கிற, மணி அடிக்கிற சைக்கிள் கடைகளில் கிடைக்கவில்லை. இருப்பதெல்லாம் பெரியவர்களுக்கானது. பிள்ளைகள் வளர்ந்து பரணில் ஏறிவிட்ட சைக்கிள் யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். நானே வந்து எடுத்துக்கொண்டு, டியூப் மாற்றி, எண்ணெய் போட்டு, திங்கள்கிழமை கொண்டுவந்து விடுகிறேன்.